கிறீம் கிறேக்கர்: எது தேத்தண்ணிக்கு, எது சூப்புக்கு?

கல்முனையிலோ மட்டக்களப்பு நகரத்திலோ ஒரு நடுத்தரக் கடையின் பிஸ்கட் தட்டைப் பார்த்தால், இனிப்பில்லாத கிறேக்கர் மட்டுமே பல பெயரில், பல நிறப் பொதியில் அடுக்கியிருக்கும். வாங்க வருபவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: மலிபனா, மன்ச்சியா? பொதியின் முகப்பில் உப்புக்கு ஒரு நிறம், சீனிக்கு ஒரு நிறம் என்று குறிகள் வேறு. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் ஜேக்கப்ஸ், றிட்ஸ், ரக் என்று இன்னும் சில பெயர்கள். சூப்பில் போட்டால் ஒன்று துவண்டாலும் உடையாமல் நிற்கிறது, ஒன்று கூழாகிறது, இன்னொன்று எண்ணெயை மேலே மிதக்க விடுகிறது.

இந்த வேறுபாடுகளுக்குக் கம்பனிப் பெயர் மூன்றாவது காரணம்தான். முதற்காரணம் கிறேக்கரின் வகை. இரண்டாவது, அந்தப் பொதி எவ்வளவு பழையது, எங்கே எப்படி இருந்தது என்பது. வகையைச் சரியாகப் பிடித்துவிட்டால் மலிபன், மன்ச்சி வழக்கு பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

முதலில் வகை பிரிப்போம்

கடையில் எல்லாவற்றையும் "கிறேக்கர்" என்றே கேட்கிறோம். உண்மையில் அதற்குள் நான்கு தனித்தனிச் சாமான்கள் இருக்கின்றன.

1. கிறீம் கிறேக்கர். பெரிய சதுரம் அல்லது நீள்சதுரம், மேலே கொப்புளங்கள், வரிசையாகத் துளைகள். ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்த மாவை மடித்து மடித்துத் தட்டிச் செய்வது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1885 அளவில் ஜேக்கப்ஸ் நிறுவனம் செய்யத் தொடங்கியது. 100 கிராமில் கொழுப்பு பொதுவாக 13 முதல் 17 கிராம் வரை இருக்கும். உள்ளே கிறீம் ஏதும் இல்லை.

2. சோடா கிறேக்கர். 1876 அளவில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பெயர் பெற்றது. இதுவும் புளித்த மாதான், ஆனால் புளிப்பை அடக்க அப்பச்சோடா சேர்ப்பார்கள். மெல்லியது, சிறியது, மேலே உப்புப் பரல் தூவியது. கொழுப்பு கிறீம் கிறேக்கரை விடக் குறைவு, உப்பு கூட.

3. வோட்டர் பிஸ்கட். மா, தண்ணீர், மிகக் கொஞ்சம் கொழுப்பு. கடினமானது, தனியே தின்றால் சப்பென்றிருக்கும். இங்கிலாந்தில் சீஸோடு தின்பதற்கென்றே வாங்குவார்கள். நம் பக்கத்தில் அருமையாகத்தான் கிடைக்கும்.

4. எண்ணெய் தெளித்த ஸ்நெக் கிறேக்கர். போறணையிலிருந்து வந்ததும் சூட்டோடு எண்ணெய் தெளித்து, உப்போ சுவைத் தூளோ தூவுவது. 1934இல் அமெரிக்காவில் வந்த றிட்ஸ் இதற்கு நல்ல உதாரணம். இந்த வகையில் 100 கிராமில் கொழுப்பு 20 கிராமைத் தாண்டுவது வழக்கம்.

மலிபனின் கிறீம் கிறேக்கரும் மன்ச்சியின் சுப்பர் கிறீம் கிறேக்கரும் முதலாவது வகை. மலிபனின் கிறிஸ்கோ, மன்ச்சியின் ஸ்நெக் கிறேக்கர் போன்றவை கடைத்தட்டில் அவற்றுக்குப் பக்கத்தில் இருந்தாலும் தின்னும் நோக்கம் வேறு. ஒரு கம்பனியின் கிறீம் கிறேக்கரை இன்னொரு கம்பனியின் ஸ்நெக் கிறேக்கரோடு வைத்து "இது ருசி, அது சப்" என்று தீர்ப்புச் சொல்வதுதான் இந்த விடயத்தில் அதிகம் நடக்கும் தவறு. எண்ணெயும் உப்பும் கூடியது நாக்குக்கு எப்போதும் ருசிதான். அதில் கம்பனியின் கெட்டித்தனம் எதுவும் இல்லை.

மாவிலிருந்து மொறுமொறுப்பு வரை

கிறீம் கிறேக்கர் செய்முறையில் நான்கு கட்டங்கள் உண்டு. எந்தப் பொதி எப்படி நடந்துகொள்ளும் என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

முதலாவது புளிப்பு. கோதுமை மா, தண்ணீர், ஈஸ்ட் மூன்றையும் கலந்து பல மணி நேரம் விடுவார்கள். ஈஸ்ட் வாயுவை உண்டாக்கும். மாவில் இயல்பாகவே இருக்கும் பக்டீரியா அமிலத்தை உண்டாக்கும். கோதுமைப் புரதமான குளுட்டன் இந்த நேரத்தில் இளகி, கிழியாமல் மெல்லியதாக விரியும் தன்மையைப் பெறுகிறது. கிறேக்கரில் பாணை நினைவூட்டும் ஒரு மெல்லிய வாசம் வருவது இதனால்தான். அவசரத்துக்குப் புளிப்பு நேரத்தைக் குறைத்து, அதே வேலையை இரசாயனத்தையோ நொதியத்தையோ கொண்டு முடிக்கவும் முடியும். பொதியின் பின்பக்கம் 223 என்ற எண் இருந்தால் அது சோடியம் மெற்றாபைசல்பைற்று. 1101 என்றால் புரதத்தைச் சிதைக்கும் நொதியம். இரண்டும் அனுமதிக்கப்பட்டவைதான். ஆனால் ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சல்பைற்று ஒத்துக்கொள்ளாது, அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் 223 இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இரண்டாவது மடிப்பு. தட்டிய மாத் தகட்டின் மேல் மாவும் கொழுப்பும் உப்பும் கலந்த ஒரு தூளைத் தூவி, மடித்து, மறுபடி தட்டுவார்கள். வீச்சுறொட்டிக்காரர் எண்ணெய் பூசி மடிப்பதும் இதே வேலைதான். கொழுப்புப் படலம் தகடுகளை ஒட்டவிடாமல் பிரித்து வைக்கிறது. போறணைச் சூட்டில் நீராவி அந்த இடைவெளிகளை ஊதிப் பிரிக்கிறது. கடிக்கும்போது "மொறுக்" என்று ஒரே சத்தமாக இல்லாமல் படபடவென்று உடைவது இந்த அடுக்குகளால்.

மூன்றாவது துளை. அழகுக்குப் போட்ட புள்ளிகள் என்று நினைக்கவேண்டாம். ஊசி இறங்கிய இடத்தில் மேல் தகடும் கீழ்த் தகடும் ஒட்டிக்கொள்கின்றன. துளை இல்லாவிட்டால் கிறேக்கர் பூரி மாதிரி ஒரே குமிழாக ஊதிவிடும். துளை இருப்பதால் துளைகளுக்கு நடுவில் மட்டும் சிறு கொப்புளங்கள் எழும்புகின்றன. பின்னர் சூப் உள்ளே இறங்குவதற்கும் இதே துளைகள்தான் ஒரு வழி.

நான்காவது போறணை. மிகுந்த சூட்டில் ஒரு சில நிமிடங்கள். மாவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இருந்த தண்ணீர், வெளியே வரும்போது நூற்றுக்கு 3, 4 பங்காக வற்றியிருக்கும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஓரம் சீக்கிரம் காயும், நடுப்பகுதியில் கொஞ்சம் ஈரம் மிஞ்சும். ஆறும்போது நடுவில் உள்ள ஈரம் ஓரத்துக்குப் பரவ, ஓரம் விரியும், நடு சுருங்கும். அந்த இழுபறியில் மயிரிழை போல வெடிப்பு விழும். பொதியைத் திறந்ததும் எல்லாம் ஒரே இடத்தில் நேராகப் பிளந்திருந்தால் லொறியை மட்டும் திட்டவேண்டாம். அது போறணைக் குறையாகவும் இருக்கலாம். கொழும்புப் பக்கத் தொழிற்சாலையிலிருந்து மட்டக்களப்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் என்பதால் மூலை நொறுங்குவது வேறு கதை. நடுவால் பிளப்பதும் மூலை நொறுங்குவதும் ஒன்றல்ல.

நனைத்தால் என்ன நடக்கிறது?

மேரி பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்தால் கண் இமைக்கும் நேரத்தில் அறுந்து அடியில் போய்விடுகிறது. கிறீம் கிறேக்கர் துவளும், ஆனால் விழாது. ஏன்?

இனிப்புப் பிஸ்கட்டின் மாவுத்துகள்களைப் பிடித்து வைப்பதில் சீனிக்குப் பெரிய பங்கு உண்டு. சூடான திரவம் பட்டதும் சீனி கரைகிறது, பிடிப்பு விடுகிறது. கிறேக்கரில் அந்தப் பிடிப்பு வேலையைப் புளித்து விரிந்த குளுட்டன் வலை செய்கிறது. குளுட்டன் சூட்டில் கரையாது. ஈரம் ஏறி மெதுவாகும், அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லென் பிஷர் என்ற பௌதிகவியலாளர் 1990களின் இறுதியில் பிஸ்கட் தோய்ப்பதை முறையாக ஆராய்ந்தார். அதற்காக 1999இல் அவருக்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது; சிரிக்கவைத்துப் பின் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் பரிசு அது. அவர் பயன்படுத்திய சமன்பாடு பழையது, நுண்துளை வழியே திரவம் ஏறும் வேகத்தைச் சொல்வது. அதன்படி, திரவம் இரண்டு மடங்கு தூரம் ஊற நாலு மடங்கு நேரம் எடுக்கும். ஒரு மில்லிமீற்றர் ஊற 1 விநாடி என்றால் இரண்டு மில்லிமீற்றருக்கு 4 விநாடி. ஆகவே கிறேக்கர் கொஞ்சம் தடிப்பாக இருந்தாலே சூப்பில் தாக்குப்பிடிக்கும் நேரம் நன்றாகக் கூடும். சூடான திரவம் ஆறிய திரவத்தை விட வேகமாக ஏறும். கொழுப்பு கூடிய கிறேக்கரில் தண்ணீர் மெதுவாக ஏறும்.

இன்னொன்று மாப்பொருள். கிறேக்கர் மாவில் தண்ணீர் குறைவு, போறணையில் நிற்கும் நேரமும் குறைவு என்பதால் மாப்பொருளின் ஒரு பகுதி முழுதாக வேகாமல் இருக்கிறது. கொதிக்கும் சூப்பில் நொறுக்கிப் போட்டால் அந்தப் பகுதி இப்போது ஊதி, சூப்பைத் தடிப்பாக்கும். சோளமா இல்லாத நேரத்தில் இது கைகொடுக்கும் உத்தி. தெளிந்த சூப் வேண்டும் என்பவருக்கு இதுவே இடைஞ்சல்.

எந்தச் சூப்புக்கு எது?

அமெரிக்கர்கள் கடல்சிப்பிச் சூப்புக்கென்றே ஒரு சிறு கிறேக்கரை வைத்திருக்கிறார்கள்: காசு அளவு, கொழுப்புக் குறைவு, சுவை மென்மை. அதன் இலக்கணம் நமக்கும் பொருந்தும். சூப்புக்குப் போகும் கிறேக்கர் சூப்பின் சுவையை மறைக்கக்கூடாது, எண்ணெயைக் கொண்டுவந்து சேர்க்கக்கூடாது, கரண்டியில் அள்ளும் வரைக்கும் உருவம் நிற்கவேண்டும்.

எலும்புச் சூப், ஆட்டுக்கால் சூப். இவற்றில் ஏற்கெனவே கொழுப்பு மிதக்கும், மிளகு தூக்கலாக இருக்கும். இதற்குச் சோடா கிறேக்கர் மிகப் பொருத்தம். அது கிடைக்காவிட்டால் சாதாரண கிறீம் கிறேக்கரை நாலாக உடைத்து, தின்னும் நேரத்தில் மட்டும் போடலாம். உடைத்த ஓரத்தில் அடுக்குகள் திறந்து கிடப்பதால் முழுக் கிறேக்கரை விடச் சீக்கிரம் ஊறும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டுவைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொல்வது இதனால்தான்.

வாவி நண்டுச் சூப். இதில் கிறேக்கரை உள்ளே போடுவது எனக்கு உடன்பாடில்லை. நண்டின் இனிப்பு மிக மெல்லியது, புளித்த மாவின் வாசம் அதன்மேல் ஏறிவிடும். பக்கத்தில் வைத்துக் கடித்துக்கொள்ளலாம். அப்படிக் கடிக்கும்போது மேலே உப்புத் தூவாத வகையாக இருக்கட்டும். வோட்டர் பிஸ்கட் கையில் இருந்தால் அதைச் செலவழிக்க நல்ல இடம் இது.

கோழிச் சூப், மரக்கறிச் சூப், பருப்புச் சூப். தடிப்பான சூப்பில் கிறேக்கர் மெதுவாகத்தான் ஊறும், ஆகவே எந்தக் கிறீம் கிறேக்கரும் சரிவரும். ஒன்றிரண்டை நொறுக்கி அடுப்பில் இருக்கும்போதே கலந்தால் தடிப்பும் கிடைக்கும். நோன்பு மாதத்தில் காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருதுப் பக்கம் காய்ச்சும் கஞ்சிக்கு மட்டும் கிறேக்கர் தேவையில்லை. அரிசியே வேண்டிய தடிப்பைக் கொடுத்துவிடுகிறது. அதற்குத் துணை கட்லட்டும் சமோசாவும்தான்.

ஸ்நெக் கிறேக்கரை எந்தச் சூப்பிலும் போடவேண்டாம். தெளித்த எண்ணெய் சூட்டில் பிரிந்து மேலே வளையம் வளையமாக மிதக்கும், சுவைத் தூள் கரைந்து சூப்பைக் கெடுக்கும். அதன் இடம் பின்னேரத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கம், அதுவும் தோய்க்காமல்.

காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும் பிளேன்ரீயும் கிறீம் கிறேக்கரும் நம் வீடுகளில் பழைய வழக்கம். அதில் நியாயம் இருக்கிறது: வாசம் குறைவு, குமட்டாது, விழுங்க இலகு. ஆனால் அது பசியை ஆற்றும் உணவு. புரதமோ நார்ச்சத்தோ பெரிதாகக் கிடைக்காது. இரண்டு நாளைக்கு மேல் அதையே நம்பியிருக்க முடியாது.

பொதியின் நிறங்கள் சொல்வது என்ன?

இலங்கையில் பானங்களுக்குச் சீனி நிறக்குறி 2016இல் வந்தது. திண்ம உணவுகளில் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் நிறம் காட்டும் ஒழுங்குவிதி 2019இல் வந்தது. அளவு 100 கிராமுக்கு:

1. சீனி: 8 கிராமுக்குக் கீழே பச்சை, 22 கிராமுக்கு மேலே சிவப்பு.
2. உப்பு: 0.25 கிராமுக்குக் கீழே பச்சை, 1.25 கிராமுக்கு மேலே சிவப்பு.
3. கொழுப்பு: 3 கிராமுக்குக் கீழே பச்சை, 17.5 கிராமுக்கு மேலே சிவப்பு.

இரண்டுக்கும் நடுவில் இருந்தால் செம்மஞ்சள்.

இனி கிறேக்கரை இந்த அளவில் வைத்துப் பார்ப்போம். கிறீம் கிறேக்கரில் சீனி பெரும்பாலும் பச்சை அல்லது செம்மஞ்சள், கொழுப்பு செம்மஞ்சள், உப்பு எல்லைக்கோட்டில் ஊசலாடும். ஒரு கம்பனியின் பொதியில் உப்பு 1.2 கிராம் என்று செம்மஞ்சள் விழ, இன்னொன்றில் 1.3 என்று சிவப்பு விழலாம். கண்ணுக்கு வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வேறுபாடு. உண்மையில் 100 கிராமில் 0.1 கிராம்தான். நிறத்தைப் பார்த்துப் பயப்படுவதைவிடப் பின்பக்க அட்டவணையில் எண்ணைப் பார்ப்பது மேல். சில பொதிகளில் உப்புக்குப் பதில் சோடியம் மில்லிகிராமில் இருக்கும். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு வந்துவிடும். 500 மில்லிகிராம் சோடியம் என்றால் சரியாக 1.25 கிராம் உப்பு, அதாவது சிவப்பின் வாசற்படி.

நிறம் 100 கிராமுக்கு. நாம் ஒருவேளைக்குத் தின்பது நாலு கிறேக்கர், ஏறத்தாழ 32 கிராம். 100 கிராமில் 1.3 கிராம் உப்பு என்றால் நாலு கிறேக்கரில் 0.4 கிராம். பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கில் கிறேக்கர் பெரிய குற்றவாளி அல்ல. சூப்பில் கரைக்கும் சுவைக் கட்டிதான் குற்றவாளி: அதன் எடையில் ஏறத்தாழ பாதி உப்பாகவே இருக்கும். 10 கிராம் கட்டி ஒன்றை இரண்டு பேருக்கான சூப்பில் போட்டால், ஒருவரின் கோப்பையில் 2 கிராமுக்கு மேல் உப்பு இறங்கிவிடுகிறது. உப்பைக் குறைக்க நினைப்பவர் கிறேக்கர்க் கம்பனியை மாற்றிப் பயனில்லை, கட்டியைப் பாதியாக்க வேண்டும்.

அடுத்த குழப்பம் சீனியின் பச்சை. "சீனி பச்சை, ஆகவே சர்க்கரை வருத்தக்காரருக்கு நல்லது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த நிறம் சீனியை மட்டும் எண்ணுகிறது, மாப்பொருளை எண்ணுவதில்லை. 100 கிராம் கிறேக்கரில் 65 முதல் 70 கிராம் வரை மாச்சத்து இருக்கிறது, அதுவும் தீட்டிய வெள்ளை மாவிலிருந்து. அது சீக்கிரம் குளுக்கோசாகிவிடும். நாலு கிறேக்கரில் மாச்சத்து ஒன்றரைத் துண்டுப் பாணுக்குச் சமம். சக்தி 140 கலோரி அளவில், கிட்டத்தட்ட இரண்டு துண்டுப் பாண். "பாண் சாப்பிடுவதில்லை, கிறேக்கர்தான்" என்று சொல்பவர் எட்டுக் கிறேக்கர் தின்றால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

குரக்கன், நார்ச்சத்து, முழுத்தானியம் என்று பெயர் போட்ட கிறேக்கர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. மூலப்பொருள்களை எடையில் கூடியது முதலாக வரிசைப்படுத்த வேண்டும் என்பது விதி. கோதுமை மா முதலிலும், குரக்கன் கொழுப்புக்கும் சீனிக்கும் பின்னாலும் இருந்தால் குரக்கன் நிறத்துக்கும் பெயருக்கும்தான். சதவீதம் போட்டிருந்தால் இன்னும் நல்லது, தேடிப் பாருங்கள்.

இறக்குமதிப் பொதிகளில் 471 என்ற எண் வரும். அது கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும் பொருள். தாவர எண்ணெயிலிருந்தும் செய்யலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம். எண்ணை வைத்து எதிலிருந்து வந்தது என்று சொல்லமுடியாது. ஹலால் பார்ப்பவர்களும் சைவக்காரரும் சான்றுக் குறியையோ "தாவர மூலம்" என்ற சொல்லையோ தேடவேண்டும்.

சரி, மலிபனா மன்ச்சியா?

மலிபன் 1954இல் தொடங்கியது, தொழிற்சாலை இரத்மலானையில். மன்ச்சியைச் செய்யும் சிலோன் பிஸ்கட்ஸ் நிறுவனம் 1968இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கான போஷாக்கு பிஸ்கட் செய்வதற்காகத் தொடங்கியது. இரண்டும் நீண்டகாலமாக ஒரே சந்தையில் ஒன்றையொன்று பார்த்துப் பார்த்து ஓடுபவை. கிறீம் கிறேக்கரில் இரண்டும் ஒரே வகை, ஒரே அடிப்படை: கோதுமை மா, தாவரக் கொழுப்பு, ஈஸ்ட், உப்பு. என் பார்வையில் இரண்டின் புதுப் பொதிகளுக்கு இடையிலான வேறுபாடு, ஒரே கம்பனியின் புதுப் பொதிக்கும் கடை வாசலில் வெயில் காய்ந்த பழைய பொதிக்கும் இடையிலான வேறுபாட்டை விடச் சிறியது. இதை ஏற்காத குடும்பங்கள் உண்டு, எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் சின்ன வயதில் வீட்டில் எது இருந்தது என்பதைப் பொறுத்தது.

நீங்களே தீர்ப்புச் சொல்ல விரும்பினால் ஒரே மாத உற்பத்தித் திகதியுள்ள இரண்டு பொதி வாங்குங்கள். திகதி வேறானால் சோதனைக்கு அர்த்தமே இல்லை. பிறகு மூன்றைப் பாருங்கள்:

1. திறந்ததும் வாசம். புளித்த மாவின் மணமோ, வறுத்த மணமோ வரவேண்டும். பழைய எண்ணெய், மெழுகு, அட்டை மணம் வந்தால் கொழுப்புக் கெட்டுவிட்டது.
2. கையால் உடைத்து உடைந்த முகத்தைப் பாருங்கள். அடுக்கு தெளிவாகத் தெரிந்தால் மடிப்பு நன்றாக விழுந்திருக்கிறது. தெரியாமல் கட்டியாக இருந்தால் தேத்தண்ணியில் கனமாக இறங்கும்.
3. இரண்டையும் ஒரே சூட்டுத் தண்ணீரில் ஒரே நேரத்தில் போட்டு, கரண்டியால் தூக்கும்போது எது முதலில் அறுகிறது என்று பாருங்கள். சூப்புக்கு அறாதது, வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சீக்கிரம் மெதுவாவது.

வெளிநாட்டுப் பொதிகளைப் பற்றி ஒரு சொல். ஜேக்கப்ஸ் பல நாடுகளில் வெவ்வேறு நிறுவனங்களால் செய்யப்படுகிறது. இலண்டனிலிருந்து வந்ததும் மலேசியாவிலிருந்து வந்ததும் ஒரே சுவையாக இருக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம். றிட்ஸும் ரக்கும் முன்பு சொன்ன எண்ணெய் வகை. விருந்தாளி வந்தால் தட்டில் வைக்க நல்லது, கிறீம் கிறேக்கருக்கு மாற்று அல்ல.

மாரிக் காற்றும் கிறேக்கரும்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் கிறேக்கரின் பெரிய எதிரி காற்றிலுள்ள ஈரம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. கார்த்திகை, மார்கழியில் வாடையோடு மழை இறங்கும்போது காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். 3, 4 சதவீத ஈரத்தோடு வந்த கிறேக்கர் திறந்த பொதியில் அந்தக் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கத் தொடங்கிவிடும். ஒரு எல்லையைத் தாண்டினால் உள்ளே இருக்கும் மாப்பொருள் கண்ணாடித் தன்மையிலிருந்து ரப்பர் தன்மைக்கு மாறுகிறது. "இளகிப் போச்சு" என்று நாம் சொல்வது இதைத்தான். கச்சான் அடிக்கும் ஆனி, ஆடியில் அதே பொதி மேலும் சில நாள் தாங்கும்.

அரிசிப் பானைக்குள் பொதியைச் செருகி வைத்தால் ஈரம் பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை உண்டு. இது தலைகீழ். சேமித்த அரிசியில் 12 முதல் 14 சதவீதம் ஈரம் இருக்கிறது. கிறேக்கரில் அதன் மூன்றில் ஒன்றுதான். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் மூடினால் ஈரம் அரிசியிலிருந்து கிறேக்கருக்குப் போகும். உப்புப் போத்தலில் அரிசி போடுவது வேலை செய்கிறதே என்றால், உப்பு நீர்விடத் தொடங்குவது காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் அளவில். அந்த அளவுக்கு மேல் ஏறவிடாமல் அரிசி காக்கிறது. கிறேக்கர் அதற்கு மிகவும் முன்பே இளகிவிடும். கேக்கையோ பாணையோ அதே டின்னில் வைப்பதும் இதே காரணத்தால் கூடாது.

செய்ய வேண்டியது எளிது: இறுக்கமாக மூடும் டின், உள்ளே மருந்துப் போத்தலில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்று (குழந்தைகள் கைக்கு எட்டாமல்), டின்னை அடுப்புக்கும் கேத்திலுக்கும் பக்கத்தில் வைக்காமல் இருப்பது. மாரியில் பெரிய பொதியை விடச் சிறிய பொதி, அல்லது உள்ளே தனித்தனிப் பொட்டலமாகப் பிரித்தது நல்லது. உள்ளே ஒளி தெரியும் பிளாஸ்ரிக் உறையை விட உள்பக்கம் வெள்ளி போல் மின்னும் உறை ஈரத்தையும் ஒளியையும் நன்றாகத் தடுக்கும்.

இளகியதை எறியவேண்டாம். காய்ந்த தாச்சியில் சிறு சூட்டில் சில நிமிடம் புரட்டி, எடுத்து ஆறவிட்டால் மொறுமொறுப்புத் திரும்பும். ஆறிய பிறகுதான் தெரியும், சூட்டோடு கடித்துப் பார்த்து ஏமாறவேண்டாம். ஆனால் எண்ணெய் கெட்ட மணம் வந்ததை எந்தச் சூடும் சரிசெய்யாது.

விலை

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்கு ஏறியபோது பிஸ்கட் விலை ஏறியதும் இதனால். அதற்குப் பிறகு வந்த பழக்கம் ஒன்று, விலையை விட்டுவிட்டு எடையைக் குறைப்பது. ஆகவே பொதி விலையை ஒப்பிடாமல் 100 கிராம் விலையை ஒப்பிடுங்கள். உதாரணத்துக்கு, 125 கிராம் 130 ரூபா என்றால் 100 கிராம் 104 ரூபா. 190 கிராம் 190 ரூபா என்றால் 100 ரூபா. பெரிய பொதி எப்போதும் மலிவு என்பதும் இல்லை, கணக்குப் போட்டே பார்க்கவேண்டும். பாதி இளகிக் கழியப்போகிறது என்றால் அந்த மலிவும் மலிவல்ல.

பொதியில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் கேட்டாலோ, காலாவதித் திகதி அழித்திருந்தாலோ பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். கெட்ட பொதி என்றால் பற்றுச்சீட்டையும் உறையையும் எறியாமல் வைத்துக்கொண்டு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். தொகுதி இலக்கம் உறையில்தான் இருக்கும், அது இல்லாமல் எந்த முறைப்பாடும் தொழிற்சாலை வரைக்கும் போகாது.